மூன்றாம் படி வரைக்கும்

ஒரு கோடை சீசனில் செண்பகனூர்ப் பக்கம் தண்ணீர் லாரியில் குழாய் பிடிக்கும் வேலை பார்த்தேன். ஒரு தோட்டத்துக் கிணற்றில் நிரப்பி ஹோட்டல்களுக்குக் கொண்டுபோவோம். அங்கே மோட்டார் போடும் அம்மாள் சேலைக்கு மேல் ஆண்கள் ஸ்வெட்டர் போட்டிருப்பார். எங்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கிணற்றுப் படிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். நீர் இறங்கி, அடியிலிருந்து மூன்றாம் படி வெளியே தெரிந்தால் மோட்டாரை நிறுத்திவிடுவார்.

ஒரு நாள் அப்படி நிறுத்தியபோது லாரி பாதிதான் நிரம்பியிருந்தது.

“போடுங்கக்கா. ஹோட்டல்ல புதுசா இருபது ரூம் கட்டிட்டாங்க, தண்ணி பத்தல” என்றார் டிரைவர்.

“ரூம் கட்டுனாங்க சரி. ஊத்துக்கண்ணையும் சேத்துக் கட்டுனாங்களா? ஊறட்டும், நாளைக்கு வெள்ளனே வாங்க.”

டிரைவர் தோட்ட முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“மோட்டாரப் போடு. இல்லன்னா நாளையிலருந்து வராத.”

அம்மாள் ஃபியூஸைப் பிடுங்கி ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டார். “நாளைக்கு வேற ஆள வச்சுக்கங்கய்யா. இன்னைக்கு நாந்தான இருக்கேன்.” பிறகு என்னிடம், “நனஞ்சு கெடக்கியே தம்பி, தலையத் தொவட்டு” என்று தன் துண்டைத் தந்தார்.

மறுநாள் வேறு ஆள் இருந்தார். கேட்ட லோடெல்லாம் கொடுத்தார். குழாயைப் பிடிக்க எனக்குத்தான் கை கூசியது.