மூச்சை மறைத்தவள்

பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கும் அவளுக்கு வாய் ஓயாது. மெஷினை மிதிக்கிற கால் நின்றாலும் பேச்சு நிற்காது. மார்பில் கட்டி என்று தெரிந்து, முடி கொட்டி, மருந்து ஏற ஏறக் குமட்டிய நாட்களிலும் பக்கத்துக் கட்டில்காரியைச் சிரிக்க வைத்தவள்.

கட்டி சுருங்குகிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அந்த இரைப்பு தொடங்கியது. நாலு மிதி மிதித்தால் நெஞ்சை அடைத்தது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டாள். சாயங்காலமானால் பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்திருக்கும்.

"உட்கார்ந்தே தைச்சா வீங்காம என்ன செய்யும்?" என்று புருஷனிடம் சமாளித்தாள்.

இந்த மருந்து சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும், மூச்சு வாங்கினால் உடனே சொல்லுங்கள் என்று நர்ஸ் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தாள். அவள் மறக்கவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும் என்ற பயம். அதனால் மருந்து ஏற்றும் நாளில் எல்லாருக்கும் முன்னால் போய், மாடி பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு அடங்கிய பிறகே உள்ளே போவாள்.

அன்று துணைக்கு வந்த நாத்தனாரால் தாமதமாகிவிட்டது. பாதிப் படி ஏறும்போதே மேலிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"என்ன அண்ணி, உங்க தையலை இவ்வளவு நேரமா குறை சொல்லிட்டு வரேன், ஒரு பதிலையும் காணோம்? வாய்க்குப் பூட்டு போட்டாச்சா?" என்றாள் நாத்தனார்.

அவள் கைப்பிடியைப் பற்றி நின்றாள். வாய் திறந்தாள், காற்றுதான் வந்தது. உதடு வெளிறியிருந்தது.

"ஐயோ! எத்தனை நாளா இப்படி?"

சொல்லிவிடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நாத்தனார் அந்தக் கையைத் தட்டிவிட்டு, "டாக்டர், எங்க அண்ணியால படி ஏற முடியலை!" என்று கத்திக்கொண்டே மேலே ஓடினாள்.

இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள்.

"இதயம் பம்ப் பண்ற சக்தி குறைஞ்சிருக்கும்மா. இன்னைக்கு அந்த மருந்து வேண்டாம். இங்கேயே தங்குங்க, இதயத்துக்கு மாத்திரை ஆரம்பிப்போம். பல பேருக்குத் தேறியிருக்கு. தேறினதும் மறுபடி யோசிக்கலாம்," என்றார் டாக்டர்.

"அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்குமா டாக்டர்?"

"ஸ்கேன் பண்ணிப் பார்த்துக்கிட்டே இருப்போம்."

சும்மா இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும், "காட்டிக் கொடுத்துட்டியேடி," என்றாள்.

"ஆமா, கொடுத்தேன். எங்கண்ணனுக்கு நீங்க வேணும்."

"கட்டி திரும்ப வளர்ந்தா?"

நாத்தனார் மாத்திரைச் சீட்டை நாலாக மடித்தாள், மறுபடி பிரித்தாள். மருந்து ஏற்றும் அறைக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அந்த ஆள் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது.