அப்பா எவ்வளவு உயரம்?

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் என்பதால் அவர் எனக்கு அத்தான். தெருவுக்கு அவர் ரொட்டிக்காரர். மைதானத்தில் அவருக்கு ‘இஞ்ச் டேப்’ என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் மூக்கின் மேல் கோபம் வரும் என்பதால், ஆளுக்கு ஆள் தேடி வந்து அதையே சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பேக்கரியில் அடுப்படி வேலை. விடிவதற்கு முன்பே போய் மதியத்துக்குள் முடித்துவிடுவார். அக்கா சாப்பாடு போடும்போதே அவர் கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். வாயில் கடைசிக் கவளம் இருக்கும்போதே கால் செருப்பைத் தேடும். சின்ன வயதில் நல்ல விக்கெட் கீப்பர். அதற்குச் சாட்சியாக வலது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் நேராக நீளாது. ஆட்டத்தை விட்ட பிறகு மாவட்டத் தேர்வுக்குழுவில் மூன்று பேரில் ஒருவராகப் போட்டார்கள். சம்பளம் கிடையாது, டீ உண்டு. வேகப்பந்து போடுகிற பையன்களைப் பார்த்து, இவன் நிலைப்பான், இவன் நிலைக்கமாட்டான் என்று சொல்வது அவர் வேலை.

“இன்னிக்கு எவன் வேகமா போடறான்னு என் மாமியார்கூடச் சொல்லிடுவாங்க. இருபத்தஞ்சு வயசுல எவன் வேகமா போடுவான்னு இப்பவே சொல்லணும். அதுக்குத்தான் நான்” என்பார். என் அம்மாவை வம்புக்கு இழுக்காமல் அவருக்கு ஒரு வாக்கியமும் முடியாது.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பையன் எவ்வளவு நன்றாகப் போட்டாலும் சரி, அவன் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவின் உயரத்தைப் பார்க்காமல் வாயைத் திறக்கமாட்டார். பதினாறு வயதில் சில பையன்கள் மீசையோடு வந்து நிற்பார்கள். எதிரே மட்டை பிடிக்கிறவன் பயந்தே அவுட் ஆவான். இரண்டு வருஷத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள், மீசைக்காரன் அப்படியே நிற்பான். “சீக்கிரமா பொங்குற மாவைப் பாத்து மயங்கக் கூடாது, அடுப்புக்குள்ள போனா அமுங்கிடும்” என்பார். ரொட்டி சுடுகிறவர் வேறு எதைச் சொல்வார்?

வீடு வீடாகப் போக வண்டி வேண்டுமே. அது நான். வெள்ளையடிக்கிற தொழில் எனக்கு. மழை பெய்தால் வேலை இல்லை, வெயில் அடித்தால் அத்தான் விடமாட்டார். ஒரு வீட்டில் எங்களைக் குழாய் ரிப்பேருக்கு வந்தவர்கள் என்று நினைத்து நேராகச் சமையலறைக்கு அழைத்துப் போனார்கள். அத்தானும் வாயைத் திறக்காமல் குழாயைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, வந்த வேலையை மறந்து திரும்பி வந்தார். அந்தப் பையனின் அப்பா எவ்வளவு உயரம் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சிரிக்கிற கதைகள் இப்படி நிறைய உண்டு. நான் சொல்லப்போவது அந்த வகையில் சேராது.

அந்த வருஷம் விடுதியோடு இருக்கிற பயிற்சி மையத்தில் வேகப்பந்துக்கு ஒரே ஓர் இடம்தான். தங்குவது, சாப்பாடு, பயிற்சி, வைத்தியம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கடைசியில் இரண்டு பையன்கள் மிஞ்சினார்கள். ஒருவன் நெட்டை, பந்து சுமாராக வரும். இன்னொருவனைச் சுருட்டை என்று கூப்பிடுவார்கள், முடி அப்படி. வயதுக்குக் குள்ளம். ஆனால் அவன் போட்ட பந்தைப் பிடித்த கீப்பர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை ஊதிக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கே முதுகு சிலிர்த்தது.

“தலை ஆடல, முன்னங்கால் மடங்கல. முதல் பந்துக்கும் கடைசிப் பந்துக்கும் வித்தியாசமே இல்லடா” என்றார் அத்தான், மெதுவாக.

“அப்புறம் என்ன, எடுத்துக்க வேண்டியதுதானே?”

“இன்னும் வளருவானா? இந்த உயரத்துல இந்த வேகம்னா பாரமெல்லாம் முதுகுலதான் இறங்கும். ஒரு சாண் வளந்தா தப்பிச்சான். இல்லேன்னா இருபது வயசுக்குள்ள முதுகு போயிடும்.”

சுருட்டையின் வீடு ஒரு பஞ்சர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. கடை அவன் அப்பாவுடையது. ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு ஆள் நின்றால் நிரம்பிவிடுகிற பால்கனி. அப்பா கதவைத் திறந்ததும் அத்தானின் முகம் வாடிவிட்டது. மனிதர் அத்தானின் தோளுக்குத்தான் வந்தார். அம்மா அவரைவிடக் குள்ளம்.

அப்பாவுக்குக் கிரிக்கெட் சுத்தமாகத் தெரியாது. ஆனால் பையனின் ஷூவை எடுத்து வந்து காட்டினார். காலை ஓங்கி ஊன்றுவதில் குதிகால் வலிக்கிறது என்று பையன் சொன்னானாம். பழைய டியூபை வெட்டி, அடுக்கி ஒட்டி, குதிகாலுக்கு ஒரு மெத்தை செய்து உள்ளே வைத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் கால் வளர வளரப் புதிதாக வெட்டுகிறாராம். அதைச் சொல்லும்போது மனிதருக்கு அப்படி ஒரு பெருமை. பையன் கூச்சத்தில் நெளிந்தான். “போதும்பா, உள்ள வைங்க” என்றான்.

அத்தான் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “உங்க அப்பா, அண்ணன் தம்பியெல்லாம் எப்படி? உயரமா?”

“நீங்க வேற சார்! எங்க வீட்டுல பல்பு மாத்தணும்னா பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடணும். பரம்பரையே இப்படித்தான்” என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

பையனைக் கடைக்கு அனுப்பினார்கள், ஏதோ வாங்கிவர. அத்தானுக்கு ஒரு கெட்ட பழக்கம்: காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். மறைத்துப் பேசினால் அந்தக் குடும்பம் வருஷக்கணக்கில் நம்பிக்கொண்டு கிடக்கும், அது பாவம் என்பார். அன்றைக்கும் சொன்னார்.

“பையன் நல்லா போடறான். ஆனா உங்க ரெண்டு பேரையும் பாத்தா இனிமே பெருசா வளரமாட்டான்னு தோணுது. இந்த உடம்பு தாங்காது. என்னால அவன் பேரைச் சொல்ல முடியாது. மன்னிச்சுக்கங்க.”

பையனின் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. நாங்கள் படியிறங்கி வந்து வண்டியைக் கிளப்பும்போது, பின்னாலேயே ஓடி வந்தார். செருப்புகூடப் போடவில்லை. கடைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்களுக்குப் பின்னால் அத்தானை இழுத்துக்கொண்டு போனார். நானும் கூடவே போனேன், போகாமல் இருக்க எனக்கு நாகரிகம் போதாது.

“சார், என் உயரத்தைப் பாக்காதீங்க” என்றார். மூச்சு வாங்கியது. “அவன் எனக்குப் பொறந்தவன் இல்ல.”

அத்தான் டயர் அடுக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

“அவங்க அப்பா என் கூட வேலை பார்த்தவர். என் கூட்டாளி. லாரிக்கு அடியில படுத்து வேலை பாக்கும்போது ஜாக்கி நழுவி, அங்கேயே செத்துட்டார். பையன் அப்ப நடக்கக்கூட ஆரம்பிக்கல. அப்புறம் நான்தான் அவன் அம்மாவைக் கட்டிக்கிட்டு... அவர் எங்க கடைக்குள்ள வரணும்னா குனிஞ்சுதான் சார் வருவார். அவ்வளவு உயரம். அவர் தம்பிங்களும் அப்படித்தான்.”

“பையனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிய வேண்டாம். அவன் என்னை அப்பான்னு கூப்பிடறதைத் தவிர எனக்கு வேற என்ன சார் இருக்கு?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஆனா கணக்குல சேத்துக்கங்க.”

 

தேர்வுக்குழு கூடும் இடம் மைதானத்துக் கட்டடத்தின் ஓர் அறை. மூலையில் கிழிந்த வலைகள் கிடக்கும், நடுவில் ஒரு காலாடும் மேசை. நான் வாசலில் டீ கிளாஸ்களோடு நின்றேன். மற்ற இருவரும் கெட்டவர்கள் இல்லை, பையன்கள் மேல் அக்கறை உள்ளவர்கள்தான். அத்தான் சுருட்டையின் பெயரைச் சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இஞ்ச் டேப்பா பேசறது? அப்பா அம்மாவைப் பாத்தாச்சா?”

“பாத்தேன்.”

“உயரமா?”

“குள்ளம்.”

“அப்புறம்? இத்தனை வருஷமா எங்க கழுத்தை அறுத்ததெல்லாம் என்னாச்சு? காரணம் சொல்லுங்க.”

“இந்த ஒரு தடவை காரணம் கேக்காதீங்க. என் பேச்சை நம்புங்க.”

ஒவ்வொரு பையனுக்கும் பத்து நிமிஷம் காரணம் சொல்லி உயிரை வாங்குகிற மனிதர் அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒருவர் ஜன்னல் வழியாக என் வண்டியை எட்டிப் பார்த்தார். போன வாரம்தான் நான் இரண்டு டயரும் புதிதாக மாற்றியிருந்தேன், வேறு கடையில். “பையனோட அப்பா பஞ்சர் கடைதானே?” என்று கேட்டு நிறுத்திக்கொண்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் வாயை மூடிக்கொண்டேன்.

சுருட்டைக்கு இடம் கிடைத்தது. அடுத்த வருஷம் தேர்வுக்குழுவுக்கு அத்தானைக் கூப்பிடவில்லை. அக்கா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அவளிடமும் அவர் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

பையன் இரண்டு வருஷம் பிரமாதமாகப் போட்டான். பெரிய அணிக்குப் பக்கத்தில் போய்விட்டான் என்று பேச்சு. பத்தொன்பதாவது வயதில் முதுகு போனது. கீழ் முதுகெலும்பில் விரிசல். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேள்விமேல் கேள்வி கேட்டிருக்கிறார். உங்க குடும்பத்துல யாருக்காவது எலும்பு வியாதி உண்டா? அப்பாவுக்கு, தாத்தாவுக்கு? கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அந்த மனிதர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தப்பான பதிலால் வைத்தியம் தப்பாகிவிடுமோ என்று பயந்திருக்கிறார். பையன் முன்னாலேயே உண்மையைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பையன் அவரிடம் பேசவில்லை. மாதக்கணக்கில் அவர்தான் தூக்கி உட்காரவைத்தார், குளிப்பாட்டினார், மூன்று மாடி ஏற்றி இறக்கினார். பையன் தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவைக் கூப்பிட்டான். அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேக்கரிக்கு வந்தான். பஞ்சர் கடைக்காரர்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வராமல் எதிர்ப்பக்கம் வெயிலில் வண்டியோடு நின்றார். நான் அன்றைக்கு அங்கே சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். சுருட்டை மாவு மூட்டை மேல் மெல்ல உட்கார்ந்தான். முன்புபோலவேதான் இருந்தான், கொஞ்சம் சதை போட்டிருந்தது.

“அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நேரா கேக்கறேன் சார். அந்தச் செத்துப்போன மனுஷனோட உயரத்துக்காகத்தான் என்னை எடுத்தீங்களா?”

அத்தான் ஏதாவது நல்ல பொய்யாகச் சொல்லமாட்டாரா என்று பிரஷை வாளியில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவருக்குப் பொய் வந்தால்தானே.

“ஆமா” என்றார். “அதுக்காகத்தான். ஆனா என் கணக்கு தப்பு. ஒரு சாண் வளருவேன்னு நினைச்சேன், நீ மூணு விரல் வளந்தே. முதுகும் போச்சு. உங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு நான் பாக்க வேண்டியதைப் பாக்கல.”

“என்ன பாக்கல?”

“முதுகு போன பசங்க எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். பாதிப் பேர் வீட்டுல, போதும் கடைக்கு வான்னு சொல்லிட்டாங்க. மீதிப் பேரை யாரும் தூக்கி உட்காரவைக்கக்கூட இல்ல. நீ அப்பான்னு கூப்பிடறதைத் தவிர எனக்கு வேற என்ன இருக்குன்னு கேட்ட மனுஷன், உனக்கு ஒரு இடம் கிடைக்கட்டும்னு அன்னிக்கு அதையும் தூக்கிக் குடுத்தார். ஆஸ்பத்திரியில மறுபடியும் குடுத்தார். நான் என்னடான்னா அவர் என் தோளுக்கு வர்றாரா, காதுக்கு வர்றாரான்னு பாத்துட்டு வந்தேன்.”

பையன் தலையைக் குனிந்துகொண்டான். “என்னால மறுபடியும் போட முடியுமா சார்?” என்று கேட்டான்.

“தெரியல” என்றார் அத்தான். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சுருட்டை கையை ஊன்றி எழுந்தான். நான் உதவப் போனேன், வேண்டாம் என்றான். வாசல் வரை நடந்துபோய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அப்பா! வெயில்ல ஏன் நிக்கறீங்க? உள்ள வாங்க.”

எதிர்ப்பக்கம் அவர் அசையவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். பையன் இன்னொரு தரம், இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான்.