சனிக்கிழமை அவர் முறை

அன்பான சகோதர சகோதரிகளே, நான் ஜெசிந்தா. சேலையூரில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கேட்டுவிட்டு எங்களோடு சேர்ந்து ஆண்டவரைத் துதியுங்கள்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம். என் கணவர் செல்வின் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். உயிர் தப்பியது. கை கால் மெல்ல மெல்லத் தேறியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பார், வார்த்தை வராது. கண் கலங்கிவிடும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஒரே தொடுதலில் அவரைப் பேச வையும் ஆண்டவரே என்று கெஞ்சினேன். பொத்தேரி, பள்ளிக்கரணை என்று எங்கே சுகமளிக்கும் கூட்டம் நடந்தாலும் ஆட்டோ வைத்து அழைத்துப் போனேன். கூட்டத்தில் எனக்கு விசுவாசம் பொங்கும். வீட்டுக்கு வந்து அவர் தவிப்பதைப் பார்த்ததும், பொங்கின பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி அடங்கிவிடும். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, இனிமேல் கேட்க என்னால் முடியாது என்று ஆண்டவரிடம் சொல்லி அழுதேன்.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்துக்குக் கிழமை முறை உண்டு. அன்றைக்கு யார் முறையோ அவர்தான் ஜெபிக்க வேண்டும். சனிக்கிழமை அவருடையது. அவர் படுத்த பிறகு அதையும் நானே எடுத்துக்கொண்டேன். ஜெபம் எனக்குச் சரளம். ஜெசிந்தா அக்கா ஜெபித்தால் டீ ஆறிவிடும் என்று எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் கிண்டல் செய்வார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒருநாள் என்னிடம், "அக்கா, சார் ஒரு வார்த்தை ஆரம்பிச்சா நீங்களே முடிச்சிடறீங்க. கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, அவருக்கு டைம் வேணும்" என்றாள்.

என் மகள் பெனிட்டா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் போனதும், "அப்போ சனிக்கிழமை ஜெபத்த ஏம்மா நீ எடுத்துக்கிட்ட? அது அப்பாவோடது" என்றாள்.

"அவரால எப்பிடிடி முடியும்?"

"முடியலன்னா சும்மா உக்காந்திருப்போம். ஆண்டவருக்கு அப்பா மனசு தெரியாதா?"

அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்தோம். அவர் கண்களை மூடினார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அவர் கையை உயர்த்தியதும் ஆமென் சொல்லி எழுந்தோம்.

வாரா வாரம் இப்படியே போனது. முதலில் அந்த நிசப்தம் எனக்குத் தண்டனையாக இருந்தது. மழைக்காலம் வருவதற்குள் அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். ஆண்டவர் என்ன செய்ய வேண்டும் என்று இத்தனை நாளும் நானே அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. மற்ற நாட்களிலும் அமைதியாக இருந்துவிட்டுத்தான் வாய் திறந்தேன். கூட்டத்துக்குப் போகாத வாரத்திலும் விசுவாசம் குறையவில்லை. காலையில் இட்லி ஊற்றும்போதும் அது என்னோடு இருந்தது. அவர் இன்னும் பேசவில்லை. ஆனாலும் நான் கெஞ்சாமல் கேட்கப் பழகியிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒரு சனிக்கிழமை, பலகாரம் சுட்ட களைப்பில் கிழமையே மறந்துபோனேன். உட்கார்ந்ததும், "பரம பிதாவே" என்று ஆரம்பித்துவிட்டேன். என் கைமேல் அவர் கை விழுந்தது.

"ஜெசி... இன்னிக்கு... என் முறை."

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"அப்பா... நன்றி."

அவ்வளவுதான் ஜெபம். ஆமென் சொல்ல எங்கள் இருவருக்கும்தான் குரல் வரவில்லை.

இன்றைக்கும் அவர் திக்கித் திக்கித்தான் பேசுகிறார். நாங்கள் காத்திருக்கிறோம். பதில் வராத ஜெபத்தோடு நீங்கள் யாராவது சோர்ந்திருந்தால், ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அவர் ஜெபிப்பார், நாம் ஆமென் சொல்வோம். டீ சூடாகவே இருக்கும்.