மதலேன் மைனி மிஷின் மாற்றிய கதை

மதலேன் மைனி, இன்று மத்தியானம் ஒரு தோணிக்காரர் கிழிந்த போர்வை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். ஓரம் அடித்துக் கொடுத்தால் போதும் என்றார். விரித்துப் பார்த்தால் நீங்கள் வெட்டி அடுக்கியது. சுறா எண்ணெய் நாற்றம் குப்பென்று வந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்துவிட்டது. அந்த மனுசன் பயந்துபோய், நாளைக்கு வாரேன் என்று நழுவிவிட்டார்.

படிக்கிற உங்களுக்கு மைனியைத் தெரியாது. என் அண்ணன் பெண்சாதி. என்னைவிட நாலு வயசுதான் மூத்தவள். கீழவைப்பாரில் பிறந்து தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தவள். வரும்போது, அவளுடைய அப்பா கொடுத்த, கையால் சுற்றுகிற தையல் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

அதில் அவள் ஜாக்கெட் தைக்கவில்லை. தோணிக்காரர்களுக்குப் போர்வை தைத்தாள். கொழும்புக்குப் போகிற தோணியில் ஆட்கள் வெட்டவெளியில்தான் படுப்பார்கள். பனியும் உப்புக்காற்றும் உடம்பில் இறங்கும். அதற்காகப் பழைய சேலை, வேட்டி, பிள்ளைகள் பாவாடை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் பழைய பாய்மரத் துணியை வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துக் கொடுப்பாள். ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் வீட்டுத் துணியைத்தான் கொடுப்பாள். கடலில் படுத்தாலும் அவன் வீட்டுக்குள் படுத்த மாதிரி இருக்கவேண்டுமாம். துணி மாறிவிடக் கூடாது. ஒருதடவை மாறிவிட்டது. ஒருத்தி வாசலில் வந்து நின்று, "ஏளா மதலேன், எம் மாப்பிள்ள எவ சேலையப் போத்திட்டு வாரான்னு எனக்குத் தெரியணும்" என்றாள். மைனி அசரவில்லை. "அவளும் இப்பதான் வந்து இதையே கேட்டுட்டுப் போறா. ரெண்டு பேரும் ஒரு நாளைக்கி மாத்திப் போத்துங்க" என்றாள். வந்தவள் சிரித்துவிட்டாள்.

அத்தனை கனமான துணியைத் தள்ளிக் கொடுக்க மைனிக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் கைப்பிடியைச் சுற்றுவது நான். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். இல்லையென்றால் உப்பளம். என்னோடு படித்த பிள்ளைகள் எல்லாம் அங்கே போய்க் கால் வெடித்து, கண் கூசி வந்தார்கள். நான் மட்டும் நிழலில் உட்கார்ந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தேன். பெரிய என்ஜின் டிரைவர் என்று எனக்குள் நினைப்பு வேறு.

சுறா எண்ணெய்க் கதைக்கு வருகிறேன். அண்ணன் தோணியில் போகிறவன். ஒருமுறை கரைக்கு வந்தபோது, மிஷினில் துரு ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டான். மைனி சந்தைக்குப் போயிருந்த நேரம். தோணிப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெயைக் கொண்டுவந்து, மிஷின் முழுக்க, உள்ளே பல்சக்கரம் வரைக்கும், நிறையப் பூசிவிட்டான். ஆசையில் செய்ததுதான். இரண்டு நாளில் அது பிசின் மாதிரி இறுகி, மிஷின் அசையவே இல்லை. தெருப்பூனை எல்லாம் எங்கள் வீட்டைச் சுற்ற ஆரம்பித்தன.

"இது என்ன வேல செஞ்சிருக்கீக?" என்றாள் மைனி.

"தோணிக்கி நல்லதுன்னா மிஷினுக்கு ஆவாதா?" என்றான் அண்ணன்.

"அப்ப இத கடல்ல இறக்கிக் கொழும்புக்கு ஓட்டிட்டுப் போங்க."

மண்ணெண்ணெய் ஊற்றி ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்து, மைனியே அதைத் திரும்ப ஓட வைத்தாள். ஆனால் பழைய பலம் இல்லை. பாய்மரத் துணி வந்தால் முக்கிக்கொண்டு நின்றது, ஊசி ஒடிந்தது. தோணிகள் புறப்படுகிற காலமும் நெருங்கிவிட்டது.

"கால் மிஷினா எடுத்திருவோம்" என்றான் அண்ணன். "நீயே மிதிச்சி நீயே தச்சிரலாம். இவ உப்பளத்துக்குப் போனா வீட்டுக்கும் ஆவும்லா."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மைனி மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஊரில் உள்ள கால் மிஷின் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடவேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். மாதாவுக்கு வேறு ஜோலி இல்லையா என்ன.

கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். பழைய மிஷினைக் கொடுத்து மாற்றினால்தான் கட்டுப்படியாகும் என்பதால் அண்ணன் அதைத் தூக்கி வந்தான். மைனி இடுப்பில் ஒரு துணி மூட்டை. கடைக்கார அண்ணாச்சி புத்தம்புது மிஷின் ஒன்றில் மெல்லிய துணியை வைத்துப் பூப்பூவாகத் தைத்துக் காட்டினார்.

"பூவு நல்லாருக்கு அண்ணாச்சி. இத ஓட்டிக் காட்டுங்க" என்று மைனி தன் அடுக்கை எடுத்து வைத்தாள்.

"எம்மா, இது துணியா மெத்தையா?"

புது மிஷின் நாலு தையல் போட்டுவிட்டு நின்றது. அண்ணாச்சி முகம் சுருங்கியது. மைனியின் கண் அதற்குள் கடையின் மூலைக்குப் போயிருந்தது. அங்கே பெயின்ட் உதிர்ந்த, டெய்லர்கள் ஓட்டுகிற கனமான கால் மிஷின் ஒன்று கிடந்தது. அதில் வைத்ததும் அடுக்கு கடகடவென்று உள்ளே போனது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

மைனி என்னைப் பார்த்தாள். "ஏளா, நீ உக்காரு."

உட்கார்ந்தேன். மிதித்தேன். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் எல்லாம் சிக்கிக்கொண்டது.

"புள்ளைக்கு மிதிக்கத் தெரியல. நீங்க ஓட்டிப் பாருங்கம்மா" என்றார் அண்ணாச்சி.

"ஓட்டப்போறது அவதான். அவ காலுக்குத் தோது இருக்கான்னு பாக்கேன்."

அண்ணன் திகைத்துப்போய், "அப்ப நீ என்ன செய்யப்போற?" என்றான்.

"இது ஓடுத வேகத்துக்கு வெட்டி அடுக்கிக் குடுக்க ஒரு ஆளு வேண்டாமா? ஒரு கை வேல கொறஞ்சிரும்னு யாரு ஒங்களுக்குச் சொன்னா?"

அவ்வளவுதான் பேச்சு. பழைய மிஷினை அண்ணன் கடைக்கார அண்ணாச்சியின் மேசையில் வைத்தான். மைனி அதன் பலகையில் உள்ளங்கையை வைத்து, "ஒருதடவ சுத்துங்க அண்ணாச்சி" என்றாள். அவளுடைய அப்பா சங்கு குளித்தவர். முங்கி முங்கிக் காது போய்விட்டது. மகள் தைக்கிறாள் என்பதை இப்படிக் கையை வைத்துத்தான் தெரிந்துகொள்வாராம். அண்ணாச்சி சுற்றினார். மைனி கையை எடுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அப்பா கொடுத்ததைக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு ஆசனம் வாங்கிக் கொடுத்த பொம்பிளை அவள்.

அதற்குப் பிறகு நாங்கள் தைத்த வேகத்தைத் தருவைகுளம் வரைக்கும் சொன்னார்கள். ஒரு போர்வை முடிகிற நேரத்துக்குச் சரியாக, அடுத்த அடுக்கு, கலையாமல் இருக்கக் கையால் டாக்காத் தையல் போட்டு, என் இடது பக்கம் வந்துவிடும். நான் தலையைத் தூக்கவே வேண்டாம்.

போன மழைக்கு மஞ்சள் காமாலை வந்தது. மைனி போய்விட்டாள்.

இப்போது தோணிகளுக்கு என்ஜின் வைக்கப் போகிறார்களாம். வீடுகளில் பருத்திச் சேலை குறைந்து நைலக்ஸ் வந்துவிட்டது. அடுக்கினால் வழுக்குகிறது. தன் வீட்டுத் துணி எங்கே என்று சண்டைக்கு வருகிறவர்களும் இல்லை. ஒரு போர்வை முடிந்ததும் நான் இன்னும் இடது கையை நீட்டிவிடுகிறேன். அங்கே மைனி உட்கார்ந்திருந்த வெறும் பாய்தான் கிடக்கிறது. எழுந்துபோய் நானே வெட்டிக்கொண்டு வருகிறேன்.

கல்லறைத் திருநாள் வருகிறது. நீங்கள் எந்தக் கோயிலில் நிற்பவர்களாக இருந்தாலும் சரி, மதலேன் என்று ஒரு தடவை பெயரைச் சொல்லி, அவளுக்கு நித்திய இளைப்பாற்றி கிடைக்க எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.