‘அவள் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?’ – பத்துப் புள்ளி

என் கண்ணாணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை! தபால்வழிப் பள்ளியில் விடைத்தாள் திருத்துவது, ஆளைக் காணாமலே ஆளோடு சண்டை பிடிக்கிற உத்தியோகம். சிவப்புப் பேனா பிடித்துக் கண் கெட்டவர்களே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எழுபதுகளில் ரொறன்ரோவில் அதுதான் என் பிழைப்பு. கிழமையில் ஒருநாள் பள்ளிக் கந்தோருக்குப் போய் விடைத்தாள் கட்டு எடுத்து வருவேன். மிச்ச ஆறு நாளும் ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் நானும் அறையைச் சூடாக்கும் ஹீற்றரும். ஹீற்றர் கொஞ்சம் கதைக்கும்.

பாடம், இரண்டு பக்க ஆங்கிலச் சிறுகதை. பதினாறு வயதுப் பெட்டையும் பெடியனும் டோனட் கடையில் இருக்கிறார்கள். அவள் தான் போட்டிருந்த அவனுடைய கையுறையைக் கழற்றி மேசையில் வைக்கிறாள். ‘பஸ் வருது’ என்கிறாள். போய்விடுகிறாள். அவ்வளவுதான். அழுகை இல்லை, காரணம் இல்லை, பெயர்கூட இல்லை. கேள்வி: அவள் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?

உறைந்த விடை

வடக்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் விடை, ஜனவரியில் பலகை மாதிரி உறைந்து வந்தது. ஹீற்றருக்கு மேல் வைத்தேன். சொற்கள் ஒவ்வொன்றாய் இளகி வந்தன. முதலில் இளகினவை கெட்ட வார்த்தைகள். இரண்டு பக்கக் கதைக்கு நாற்பத்தேழு பக்கம்! கடைசியில் எழுதியிருந்தான்: “சுரங்கத்துக்குள்ளே தும்முவதென்றாலும் நாங்கள் சொல்லிவிட்டுத்தான் தும்முவோம், இந்தப் பிள்ளைகள் மண்ணுக்கு மேலே இருந்துகொண்டு ஏன் வாய் மூடிச் சாகிறார்கள்?”

எழுதாததற்குச் சம்பளம்

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒரு பெண்மணியின் விடை ஒரே வரி: ‘ஐஸில் நடக்கும்போது திரும்பினால் வழுக்கி விழுவாள்.’ அந்தக் கிழமை நானே மூன்று தரம் விழுந்திருந்தேன். பத்துக்குப் பத்துப் போட்டேன். மேற்பார்வையாளர் டோரதி அதை வெட்டி இரண்டு புள்ளியாக்கினா. ‘அடக்கி வைத்த துயரம்’ என்பதுதான் சரியான விடையாம். நான் வாதாட, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிச் சொன்னா: “எழுதினதைத் திருத்த இங்கே ஆட்கள் நிறைய, எழுதாததைத் திருத்தத்தான் உமக்குச் சம்பளம்.”

நாலு வரி

அந்தப் பேச்சு என் மண்டைக்குள் ஏறிவிட்டது. மனைவி புவனம் அப்போது ஊரில், சுன்னாகத்தில். நான் வந்து இரண்டு பனிக்காலம். பனி எத்தனை அங்குலம், அறைக்கு எத்தனை சன்னல், இரண்டாவது கோப்பையும் வாங்கியாயிற்று என்றெல்லாம் எழுதிவிட்டு, அவ வருவாவா மாட்டாவா என்று தவம் கிடந்தேன். இதைவிட ஒரு மனிதன் எப்படிக் கேட்கிறது? நீலக் கடிதத்தில் நாலு வரி வந்தது: ‘சுகம். கிணற்றில் தண்ணி குறைவு. மாமரத்தில் இந்த முறை காய் இல்லை. வேறு ஊர்ப் புதினம் இல்லை.’

வற்றின கிணறு! காய்க்காத மரம்! இவவும் கையுறையை மேசையில் வைத்துவிட்டாவே! பக்கத்து அறை ராகவனிடம் ஓடினேன். மதுரைக்காரன், எஞ்சினியர். இரண்டு தரம் வாசித்தான். “சார், கெணத்துல தண்ணி இல்லன்னா கெணத்துல தண்ணி இல்ல, அவ்ளோதான். மொதல்ல போய் சாப்பிடுங்க.”

திருத்தம்

சாப்பிடவில்லை. அந்தக் கடிதத்தின் ஓரமெல்லாம் சிவப்பு மையால் எழுதினேன்: ‘உணர்ச்சி அடக்கம் நன்று. முடிவு தெளிவில்லை. பத்துக்கு ஆறு.’ பழக்கதோஷம், திருத்தினதை உறையிலிட்டு, அனுப்பினவர் விலாசத்தையே எழுதி, மற்றக் கட்டோடு தபாலில் போட்டுவிட்டேன். உள்ளே விழுந்த சத்தத்துக்குப் பிறகுதான் புத்தி வந்தது. பெட்டியின் வாயில் என் வாயை வைத்துக் கெஞ்சினேன். உதடு குளிரில் இரும்போடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பொலிஸ்காரர் தேத்தண்ணி ஊற்றிக் கழற்றிவிட்டார்கள்.

ஐந்து கிழமை ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு பொதி வந்தது. உள்ளே நான் எழுதின பதினேழு கடிதங்களும், மேலே ஒரு துண்டுக் காகிதமும். “எல்லாம் திருத்தி அனுப்பியிருக்கிறன். பனி இருக்கு, சன்னல் இருக்கு, கோப்பை இருக்கு. ‘வா’ எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. பத்துக்குச் சைபர்.”

உலகத்திலேயே தபாலில் பெயிலான முதல் வாத்தி நான்தான். இதைச் சொன்னது யாரென்று மட்டும் ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதையுங்கோ, சைபர் போட்டவ அடுத்த அறையில்தான் இருக்கிறா.