சிவப்புப் பெட்டி வந்தால் உடனே ரிமூவ் அழுத்தாதீர்கள்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்காகவும் எழுதுகிறேன். ஆன்டிவைரஸ் பற்றிக் காலேஜில் சொல்லித் தந்தது ஒன்று, பினாங்கில் டத்தோ கிராமாட் ஃபிளாட்டில் நடப்பது வேறொன்று.

முதலில் வேலையைப் பற்றி. கடை போஸ் வாட்ஸ்அப்பில் வீட்டு அட்ரஸ் போடுவார். மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு போக வேண்டும். முடிந்ததும் "டன்" என்று பதில் போட வேண்டும். சில நாட்களில் நான் உலகத்தோடு பேசுகிற ஒரே சொல் அந்த "டன்"தான். கூடப் படித்ததுகள் எல்லாம் கேஎல், சிங்கப்பூர் என்று கிளம்பிவிட்டன. குரூப்பில் ஏதாவது போட்டால் நீல டிக் விழும், பதில் விழாது. பொட்டலமாகத் தப்பாவ் செய்த மீ கோரெங் நூடுல்ஸை மோட்டார் சீட்டில் வைத்துத் தின்றுவிட்டு அடுத்த வீடு. யாராவது "உக்காரும்மா" என்று சொன்னால் அன்றைக்கு விசேஷம். உங்களைப் பயமுறுத்தவில்லை. தெரிந்துகொண்டு வாருங்கள், அவ்வளவுதான்.

ரெண்டு ஜாகா

சேவியர் அங்கிள் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். கதவைத் திறந்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆளு வரலியாம்மா?"

"நான்தான் அங்கிள் ஆளு."

"பொம்பளப் புள்ளய அனுப்பிட்டானா? சிபியூ தூக்கணுமே."

"தூக்குவேன். வேணும்னா உங்களையும் சேத்துத் தூக்குவேன்."

சிரித்துவிட்டார். "சரியான வாயாடி. வா, உக்காரு."

கம்ப்யூட்டர் ஆன் ஆகிற நேரத்தில் ஒரு கப் தே ஓ, பாலில்லாத டீ, குடித்து முடித்தேன். உள்ளே பார்த்தால் இரண்டு ஃப்ரீ ஆன்டிவைரஸ்.

"எதுக்கு அங்கிள் ரெண்டு?"

"ரெண்டுமே ஃப்ரீதான? வாசல்ல காவலுக்கு ரெண்டு ஜாகா நின்னா நல்லதுதான லா."

"ரெண்டு ஜாகாவும் ஒருத்தன ஒருத்தன் திருடன்னு புடிச்சிக்கிட்டு உருள்றானுங்க. அதான் ஸ்லோ."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு ஆன்டிவைரஸ் போதும். பெரும்பாலான வீடுகளுக்கு விண்டோஸோடு வருவதே போதும், அப்டேட் மட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வேறுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் கேட்காத சாமான் எல்லாம் கூடவே குடியேறும். ஃப்ரீ என்றால் அடிக்கடி பெட்டி குதிக்கும். சிலது எச்சரிக்கை, சிலது காசு வெர்ஷனுக்கு விளம்பரம். இரண்டுக்கும் ஒரே சிவப்பு நிறம் பூசி வைத்திருப்பார்கள், அதுதான் கொடுமை.

இரண்டையும் கழற்றிவிட்டு விண்டோஸுடையதை ஆன் செய்தேன். மெஷின் பறந்தது. "டன்" என்று டைப் செய்யப்போன நேரத்தில் அங்கிள் மெதுவாகக் கேட்டார்.

"வேகம் கெடக்கட்டும்மா. என் டாம் எங்க?"

காணாமல் போன ஆட்டம்

டாம் தெரியும்தானே, கோப்பிக் கடையில் பாட்டில் மூடியை வைத்து ஆடுவார்களே, அந்தக் கட்ட ஆட்டம். அங்கிளின் மகன் ஜெரோம் படிக்கிற காலத்தில் அதைக் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்திருக்கிறான். தன் வாயையும் அதற்குள் வைத்து எழுதியிருக்கிறான். அங்கிள் ஒரு காயை இழந்தால் திரையில் "தூங்கிட்டீங்களாப்பா?" என்று வரும். ஜெயித்தால் "சரி சரி, நான்தான் விட்டுக் குடுத்தேன்" என்று வரும். தினமும் சாயங்காலம் அங்கிள் அதோடுதான் ஆடுவாராம்.

"ஜெரோம் எங்க அங்கிள்?"

"மெல்பர்ன்ல. அங்கயே இருந்துக்கிறேன்னான். நான் ஒண்ணு சொன்னேன், அவன் ஒண்ணு சொன்னான். அப்புறம் பேச்சில்ல."

இரண்டு ஆன்டிவைரஸின் ஹிஸ்டரியையும் கழற்றும்முன் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். நீங்களும் எடுத்து வையுங்கள். அதில் தெளிவாக இருந்தது: டாம் ஃபைலை ஒரு ஆன்டிவைரஸ் சந்தேகப்பட்டுப் பிடித்திருக்கிறது. அதன் மேல் தப்பில்லை. உலகத்தில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் இருக்கிற ப்ரோக்ராம், எந்தக் கம்பெனி கையெழுத்தும் கிடையாது. அதற்கு அது யாரோ அந்நியன். குவாரண்டீனில் விட்டிருந்தால் ரிஸ்டோர் செய்திருக்கலாம். ஆனால் ரிமூவ் அழுத்தப்பட்டிருந்தது.

"செவப்பா வந்துச்சும்மா. பயந்து அமுக்கிட்டேன்."

ரிக்கவரி டூல் போட்டுப் பார்த்தேன். எஸ்எஸ்டி டிஸ்க்கில் அழிந்தது அநேகமாக அழிந்ததுதான். கிடைக்கவில்லை.

"ஜெரோம்கிட்டயே கேளுங்க அங்கிள், காப்பி வெச்சிருப்பாரு."

"நானா? மாட்டேன்." கீபோர்டு மேலிருந்த தூசியைத் தட்டினார். "நீ கேளு. உன் நம்பர்லேர்ந்து. நான் கேட்டேன்னு சொல்லாத."

கேட்டேன். பினாங்கு கம்ப்யூட்டர் கடை, உங்கள் டாம் ஃபைல் வேண்டும் என்று அங்கிள் தந்த நம்பருக்கு மெசேஜ் போட்டேன். பதில் உடனே வந்தது: "அவரு இன்னும் அத ஆடுறாரா?"

ஆமாம் என்று போட்டேன். பிறகு மெயிலில் அனுப்புவதாகச் சொன்னான். மெயில் இந்த மாதிரி ஃபைலை விடவில்லை, வைரஸாக இருக்கலாம் என்று தடுத்துவிட்டது. பாஸ்வேர்டு போட்டு ஜிப் செய்து அனுப்பச் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று மெயிலால் திறந்து பார்க்க முடியாது, பல நேரம் விட்டுவிடும். வந்துவிட்டது.

பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன்.

"உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அப்பாவ கால் பண்ணிக் கேக்கச் சொல்லுங்க."

போனை அப்படியே அங்கிளிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார், கழற்றினார், துடைத்தார், மறுபடி வாசித்தார்.

"திமிரப் பாத்தியா?" என்றார். ஆனால் அதற்குள் தன் போனில் நம்பரைத் தேட ஆரம்பித்திருந்தார்.

ஸ்பீக்கர் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அவ்வளவுதான்பா."

நான் டைப் செய்தேன். ஜிப் திறந்தது. ஸ்கேன் செய்தேன், டாமை அதன் இடத்தில் வைத்தேன், ஆன்டிவைரஸ் மறுபடி பிடிக்காமலிருக்க அந்த ஒரு ஃபைலை மட்டும் எக்ஸ்க்ளூஷனில் சேர்த்தேன். ஃபோல்டர் முழுவதையும் சேர்க்காதீர்கள், அது கதவைத் திறந்து போட்ட மாதிரி. யார் எழுதியது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஃபைலுக்கு மட்டும்தான் எக்ஸ்க்ளூஷன். வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதையும் அழிக்காதீர்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

"அங்கிள், ஓப்பன் ஆயிருச்சு" என்றேன்.

கையை வீசி என்னை அடக்கினார். போனை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சரியா கேக்கல லா. ஒண்ணுக்கு அப்புறம் என்ன?"

"ரெண்டுப்பா."

"ரெண்டா? இரு, எழுதிக்கிறேன்." அவர் கையில் பேனாவும் இல்லை, பேப்பரும் இல்லை. "அங்க குளிரா?"

"குளிர்தான்பா."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வர்றேன் அங்கிள் என்று சொன்னது அவர் காதில் விழவில்லை. வெளியே வந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"சரி, மூணுக்கு அப்புறம்?"