மொட்டை போட்ட பிறகு போலீஸ் ஸ்டேஷன்

எனக்கு விவரம் தெரிந்து ஒரே ஒரு தடவைதான் மொட்டை போட்டிருக்கிறார்கள். காது குத்தியபோது போட்டது நினைவில் இல்லை; அது கணக்கில் வராது. நினைவில் இருக்கிற மொட்டை ஒரு கார் விபத்துக்காகப் போட்டது. காரை ஓட்டியது என் மாமா, அடிபட்டது வேறொரு பெண், முடி போனது எனக்கு. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஜெயிலுக்குப் போனதை நான் மறைக்கிற ஆள் இல்லை. எதற்குப் போனார் என்று முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. சித்தையன்கோட்டையில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். ரைஸ் மில் முதலாளியிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. அதற்கு இவர்தான் டிரைவர். சுருட்டை முடி. காரை நிறுத்துகிற இடத்திலெல்லாம் கண்ணாடியில் குனிந்து தலை வாருவார். முடி விஷயத்தில் நானும் குறைந்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்து அப்போதுதான் ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். அதற்குள் என் பின்னல் இடுப்பைத் தொட்டது. அந்த வயதில் அப்படி ஒரு பின்னல் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பேன்.

முதலாளியின் சம்பந்தி வீட்டார் பழனிக்கு வந்திருந்தார்கள். அவர்களை அழைத்து வரக் கார் காலியாகப் போனது. மாமா அம்மாவிடம் வந்து நின்றார்.

"அக்கா, வண்டி சும்மாதான போகுது. மருமவளக் கூட்டிட்டுப் போயி மலையக் காட்டிட்டு வாரேன்."

"வேணாம்டா. புள்ள வாந்தி எடுக்கும். மொதலாளி வண்டி."

"எடுத்தாக் கழுவிக்கிடுறேன். மொதலாளியம்மா எடுக்காத வாந்தியா?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்படித்தான் நான் காரில் ஏறினேன்.

முன் சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு ரோடு தெரியவில்லை. மரங்களின் தலை மட்டும்தான் தெரிந்தது. செம்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் புளியமரங்கள் மேலே கைகோத்துக்கொண்டு நின்றன. வெயிலும் நிழலும் மாறி மாறி என் பாவாடை மேல் ஓடின. நான் நிழலைப் பிடிக்கப் பார்த்தேன். பிடித்த மாதிரி இருக்கும். கையைத் திறந்தால் உள்ளே வெயில் இருக்கும். ஒட்டன்சத்திரம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. மாமா வாய்க்குள்ளேயே ஏதோ பாடிக்கொண்டு வந்தார். பாட்டு அவர் பாடுகிறதா, கார் பாடுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூக்கமும் விழிப்பும் இல்லாத ஒரு நிலையில் போய்க்கொண்டிருந்தேன்.

"அந்தா பாரு மருமவளே, நம்மாளு உக்காந்திருக்காரு" என்று மாமா கையை நீட்டினார். தூரத்தில் பழனி மலை. நாங்கள் அதனிடம் போகிறோமா, அது எங்களிடம் வருகிறதா என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயக்குடி நெருங்கியிருக்க வேண்டும். காருக்குள் கொய்யாப்பழ வாசனை நிறைந்துவிட்டது. மாமா நீட்டிய கையை இன்னும் ஸ்டியரிங்குக்குக் கொண்டு வரவில்லை.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. மூட்டையைத் தரையில் இறக்கினால் வருமே, அப்படி ஒரு சத்தம். கார் கொஞ்ச தூரம் போய் நின்றது. நான் சீட்டில் முட்டி போட்டுத் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரோடு முழுக்கக் கொய்யாப்பழங்கள் உருண்டுகொண்டிருந்தன. பச்சையும் மஞ்சளுமாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றும் தனக்கு ஓர் இடம் தேடிப் போவது போல உருண்டன. கூடை கவிழ்ந்து கிடந்தது. பழங்களுக்கு நடுவில் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ரோட்டில் போய் யாராவது படுப்பார்களா என்று நினைத்தேன். மற்றபடி எனக்குப் பயமாக இல்லை. அவ்வளவு அழகாக இருந்தது அந்த ரோடு.

மாமா கதவைத் திறந்தார். ஒரு காலைக் கீழே வைத்தார். அதற்குள் தோப்பிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பழம் பறிக்கிற தொரட்டிக் கம்பு ஒவ்வொருவர் கையிலும் இருந்தது.

"புடிங்கடா அவன! வுட்றாதீங்க!"

மாமா அவர்களைப் பார்த்தார். படுத்திருந்தவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கீழே வைத்த காலை மேலே எடுத்துக்கொண்டார். கார் கிளம்பிவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் மாமா அழ ஆரம்பித்தார். பெரிய ஆட்கள் அழுது நான் பார்த்ததில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முருகா, அவ பொழைக்கட்டும். முடி தாரேன். இன்னைக்கே தாரேன்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "மருமவளே, நீயும் சாமிக்கு முடி குடுக்கியா?"

"வலிக்குமா மாமா?"

"வலிக்காது தாயி."

"அப்பக் குடுப்போம்" என்றேன். காரில் கூட்டிக்கொண்டு வந்த மனிதருக்கு வேறு என்ன சொல்வது?

வேண்டியது பலித்த பிறகு மொட்டை போடுவதுதான் எல்லாரும் செய்கிற வழக்கம். மாமாவுக்கு அதுவரை பொறுத்திருக்க நெஞ்சு இல்லை. அடிவாரத்தில் காரை ஓர் ஓரமாக விட்டுவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு முடி எடுக்கிற இடத்துக்கு ஓடினார். அங்கே இருந்தவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"வேண்டுதலுங்களா?"

"ஆமா."

"நெனச்சது நடந்துருச்சுங்களா?"

மாமா தண்ணீரைத் தலையில் தடவிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். அவருடைய முடி சுருட்டை சுருட்டையாகத் தரையில் விழுந்தது. அடுத்து என்னுடைய பின்னல், பின்னலாகவே விழுந்தது. அழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் தலையில் சந்தனத்தை அப்பிவிட்டார்கள். அந்தக் குளிர்ச்சியை நான் எப்படிச் சொல்வேன்? தலையே இல்லாத மாதிரி இருந்தது. காற்று நேராக உள்ளே வந்து போனது. கால் தரையில் பட்டதாகவே எனக்கு நினைவில்லை. மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு மிதந்து போனேன். அப்படி மிதந்து போய்ச் சேர்ந்த இடம் போலீஸ் ஸ்டேஷன்.

ஆயக்குடி ஆட்கள் எங்களுக்கு முன்பே வந்து சொல்லிவிட்டார்கள். கறுப்புக் கார், சுருட்டை முடி வைத்த டிரைவர் என்று எல்லாம் சொல்லியிருந்தார்கள். அங்கே இருந்த ஏட்டையா எங்கள் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏய்யா, இடிச்சுப்புட்டு ஓடுறவனப் பாத்திருக்கேன். இடிச்சுப்புட்டு அழுதுக்கிட்டு வர்றவனப் பாத்திருக்கேன். மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கிட்டு வர்றவன இன்னைக்குத்தான்யா பாக்கேன்!"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "சுருட்டை முடின்னு சாட்சி சொல்லுது. இங்க முடியே இல்ல. அடையாளத்த மறைச்சிருக்கான். அதையும் எழுதுய்யா" என்றார்.

"சாமிக்குக் குடுத்தேங்கய்யா" என்றார் மாமா.

"இங்க வந்து சாமிய இழுக்காத ஆளே கெடையாதுடா."

மாமாவை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். முதலாளியின் சம்பந்தி வீட்டார் என்னை பஸ்ஸில் ஊருக்குக் கொண்டு வந்து விட்டார்கள். அம்மா என் தலையைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலாளி ஜாமீன் எடுத்து மாமா வீட்டுக்கு வந்தபோது, அம்மா கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றித்தான்.

"நீ போட்டுக்கிட்ட, சரி. எம்புள்ள முடிய ஏன்டா குடுத்த? அம்புட்டு முடிடா!"

"என் முடி மட்டும் பத்துமான்னு இருந்துச்சுக்கா" என்றார் மாமா.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்ற சேதி அப்போது வந்துவிட்டது. தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை. எங்கள் முடிதான் அவளைக் காப்பாற்றியது என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பின்னல் போன பெருமையை இந்தப் பெருமையால் ஈடு கட்டிக்கொண்டேன்.

மாமா ஜெயிலுக்குப் போவாரா மாட்டாரா என்பதுதான் அப்புறம் வீட்டில் இருந்த ஒரே பேச்சு. பழனி வக்கீல் ஒருவரைப் பார்க்க அம்மாவும் மாமாவும் போனபோது என்னையும் கூட்டிப் போனார்கள். வக்கீல் பொறுமையாகத்தான் சொன்னார்.

"இடிச்சது ஒரு குத்தம். இடிச்சவள ஆஸ்பத்திரியில சேக்காம வுட்டுட்டுப் போனது தனிக் குத்தம். அதுக்குன்னு சட்டம் இருக்கு. ஒரு நாளைக்குள்ள ஸ்டேஷன்ல சொல்லணும், அதச் செஞ்சிட்ட, நல்லது. கூட்டம் கம்பத் தூக்கிட்டு வந்துச்சு, உசுருக்குப் பயந்து போனேன்னு சொன்னா கோர்ட்டு காது குடுத்துக் கேக்கும். ஆனா உசுருக்குப் பயந்தவன் நேரா எங்கப்பா போவான்? ஸ்டேஷனுக்குப் போவான். நீ எங்க போன?"

"மலையடிவாரத்துக்கு."

"அதத்தான் சொல்லாதங்கறேன். மொட்டை மொத நாளே போட்டதுன்னு சொல்லிருவோம். முடியப் பத்திச் சொன்னவனுங்க எல்லாம் தூரத்துல பாத்தவனுங்க."

மாமா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "சாமிக்குக் குடுத்ததுல பொய் கலக்கச் சொல்றீங்களேங்கய்யா."

"அப்ப அந்தச் சாமியையே வக்காலத்துப் போடச் சொல்லு" என்று வக்கீல் கேஸ் கட்டைத் தூக்கி மேசையில் போட்டார்.

கோர்ட்டுக்கு நாங்கள் போன நாளில் வாசலில் பாதிப் பேர் மொட்டைதான். பழனி அப்படி. மாமாவுக்கு அப்போது முடி இரண்டு விரல் அகலத்துக்கு வளர்ந்திருந்தது, எனக்கும்தான். உள்ளே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அதன் நிழல் சுவரில் பெரிய பறவை மாதிரி போய்ப் போய் வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீதிபதி கேட்டார், எங்கே போனாய் என்று. மாமா உள்ளதைச் சொன்னார். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நீதிபதி கோபப்படவில்லை. "அன்னிக்கு அந்த ரோட்டுல இருந்த ஒரே கார் உன்னுது. அந்த அம்மாவ மாட்டு வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர மத்தியானம் ஆயிருக்கு. தெரியுமா?" என்றார். மாமா தலையை ஆட்டினார்.

பிறகு அந்தப் பெண் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு கூண்டில் ஏறினாள். அன்று ரோட்டில் படுத்துக் கிடந்தவளின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். என் அம்மா வயதுதான் இருக்கும்.

"இந்தாளுதானுங்க. கதவத் தொறந்தாருங்க. எறங்குவாருன்னு நெனச்சேனுங்க" என்றாள். கம்பை மாற்றி ஊன்றிக்கொண்டாள். "எறங்கலீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

தண்டனை என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடித்ததற்கு ஒன்று, விட்டுப் போனதற்கு ஒன்று என்று சேர்த்துத்தான் கொடுத்தார்கள். லைசென்ஸ் போனது. அறுவடை நேரத்தில் ஜெயிலுக்குப் போனவர், கோடை மழை பெய்த பிறகு திரும்பி வந்தார். அப்புறம் கார் பக்கமே போகவில்லை. மில்லிலேயே நெல் காயப்போடுகிற களத்தில் வேலை பார்த்தார். இன்றைக்கு அந்த ரோடு அகலமாகிவிட்டது. போன் போட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. ஆனாலும் இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்று பேப்பரில் தினமும் ஒரு சேதி வரத்தான் செய்கிறது. ஒன்று விடாமல் படிப்பேன். அந்த வண்டிக்காரனும் எந்த மலையைப் பார்த்து அழுதுகொண்டு போனானோ என்று தோன்றும்.

சாட்சி சொல்லி முடித்த அன்று நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அந்தப் பெண்ணும் கம்பைச் சாய்த்துவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். மாமா அவளைப் பார்க்காமல் தள்ளி, சுவர் ஓரமாக நின்றார். அவள் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டாள்.

"இங்க வா கண்ணு. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மொட்டை போட்டாங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "நீங்க பொழைக்கணும்னு நானும் எங்க மாமாவும் சாமிக்கு முடி குடுத்தோம். அன்னைக்கே போயிக் குடுத்தோம்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் என் தலையைத் தடவினாள். குட்டையாக வளர்ந்திருந்த முடி அவள் உள்ளங்கையில் சரசரவென்றது. அவள் பார்வை என்னைத் தாண்டி மாமாவிடம் போனது.

"சாமி எங்க கண்ணு முடி கேட்டுச்சு? வெயில்ல நாக்கு ஒட்டிக்கிட்டுக் கெடந்தேன். எனக்கு ஒரு வாய் தண்ணி குடுத்துட்டுப் போயிருக்கலாமே."

அவளுக்குத் தாகம் போல என்று நினைத்தேன். கோர்ட்டு வராந்தாவில் பானை இருந்தது. ஓடிப்போய் டம்ளரில் மொண்டு, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அண்ணாந்து முழுவதையும் குடித்தாள்.

மாமா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அவருக்கும் தாகமாகத்தான் இருக்கும் என்று இன்னொரு டம்ளர் மொண்டு கொண்டுபோய் நீட்டினேன். எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டு நின்றும் அவர் அதை வாங்கவே இல்லை.